சக்திமானும் தபசு மரமும்

இந்தியத் தேசியத் தொலைக்காட்சியாகிய தூரதர்ஷனில் 1997ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆந் திகதி தொடங்கி, 2005ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வரை ஒளிபரப்பாகிய 'சக்திமான்' என்னும் தொடர் அக்காலச் சிறுவர்தம் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட ஒன்றாகும். நானூறுக்கு மேற்பட்ட பகுதிகளாக அது நீண்டது. அன்று அதனைக் கண்ட சிறுவர் பலர் இன்று நாற்பது வயதை அணுகுகின்றனர். 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் காரணமாக மக்கள் வீடுகளில் அடைபட்டிருந்த காலத்தில், தூரதர்ஷன் இராமாயணம், மகாபாரதம் ஆகிய பழைய தொடர்களோடு சக்திமானையும் மறுபடி ஒளிபரப்பிற்று. இணையத்திலும் அதன் பகுதிகள் காணக் கிடைக்கின்றன. பெற்றோராகிவிட்ட பழைய சிறுவர் தம் மக்களை அருகிருத்தி அதனைக் காட்டுதல் இயல்பே. ஆயின், புதிய சிறுவரின் கண்ணுக்கு முதலிற் படுவது வீரனின் வீரமன்று. அவனைப் பறக்கச் செய்த சூத்திரமே. வானம் ஓரிடத்தும் வீரன் வேறோரிடத்தும் படம்பிடிக்கப்பட்டுப் பின்னர் ஒட்டப்பட்டமை அவர்களுக்கு வெளிப்படையாகத் தெரிகின்றது. அவர்கள் நகைக்கின்றனர்.

அந்நகைப்பு எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று. பொய்யென்று அறிந்தும் ஒன்றில் மனம் ஈடுபடுவதும், பொய்யென்று அறிந்தவுடனே மனம் விலகுவதும் ஆகிய இரண்டும் மனித இயல்பே. எங்கே ஈடுபடுகின்றது, எங்கே விலகுகின்றது என்பதுதான் வினா. பதுளை, பசறை, லுணுகலை, மடூல்சீமை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய பகுதிகளை அடக்கிய ஊவாத் தோட்டப்புறங்களில் வாழ்வோர்க்கு இவ்வினா புதியதன்று. அவர்தம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக ஆடியும் கண்டும் வந்த அருச்சுனன் தபசுக் கூத்திலும் ஒரு வீரன் நிலத்தைவிட்டு மேலே செல்கின்றான். அவனை மேலே கொண்டுசெல்லும் சூத்திரமோ, எல்லார் கண்முன்னும் நாட்டப்பட்ட ஒரு மரம். அதனை யாரும் மறைப்பதில்லை. அதனைக் கண்டு யாரும் நகைப்பதுமில்லை. சக்திமானை மீண்டும் காணப்புகும்போது அந்த மரத்தையும் உடன்வைத்துக் காணின், தொடரின் குறைகள் மட்டுமன்றி நிறைகளும் தெளிவாகும்.

தொடரின் கதை சுருங்கக் கூறத்தக்கது. யோகியர் குழுவொன்று மனிதன் ஒருவனைத் தேர்ந்து பயிற்றுகின்றது. அவன் தியானத்தால் குண்டலினியை எழுப்பி, நிலம், நீர், தீ, வளி, வெளி என்னும் ஐம்பூதங்களின் ஆற்றலையும் தன்னுட் பெற்றுச் சக்திமானாகின்றான். உலகை இருளில் ஆழ்த்த முயலும் தம்ராஜ் கில்விஷ் என்பவன் அவனுக்குத் தலையாய பகைவன். அறிவியலைத் தீவழிக்குப் பயன்படுத்தும் ஜெக்கால் போன்றோரும் பகைவர் வரிசையில் நிற்கின்றனர். ஊரவர் நடுவே சக்திமான் தன் உருவை மறைத்து, ஒரே மூச்சிற் சொல்லிமுடிக்க இயலாத நீண்ட பெயரையுடைய பண்டிதர் கங்காதர் என்னும் பத்திரிகைப் படப்பிடிப்பாளனாக உலவுகின்றான். தடித்த மூக்குக்கண்ணாடி, முன்தள்ளிய பற்கள், எண்ணெய் பூசிப் படிய வாரிய தலை, அசடு வழியும் பேச்சு ஆகியவை அவன் அடையாளங்கள். அதே பத்திரிகையிற் பணியாற்றும் கீதா விசுவாஸ் என்னும் பெண் சக்திமானைப் பற்றிய செய்திகளைத் தேடி ஓடுகின்றாள்; அருகில் நிற்கும் கங்காதரை ஒரு பொருளாக மதிப்பதில்லை.

தலைமைப் பாத்திரத்தை ஏற்றவரும் தொடரைத் தயாரித்தவரும் முகேஷ் கன்னா ஆவார். இயக்கியவர் தின்கர் ஜானி. பி. ஆர். சோப்ரா தயாரித்து 1988 முதல் 1990 வரை ஒளிபரப்பாகிய மகாபாரதத் தொடரில் வீட்டுமராகத் தோன்றி நாடறிந்தவர் அதே முகேஷ் கன்னா. அருச்சுனன் எய்த அம்புகளின்மேற் படுத்துக் கிடந்த பிதாமகர், ஏழாண்டு கழித்து எழுந்து வானிற் பறக்கலானார் என வேடிக்கையாகக் கூறலாம். வேடிக்கையாயினும் இதில் ஓர் உண்மையுண்டு. வீட்டுமரின்பால் மக்கள் கொண்டிருந்த மதிப்பு இப்புதிய வீரனுக்கும் முதலாக அமைந்தது. அறிவுரை கூறும் உரிமை அவனுக்கு முதல் நாளிலேயே கிடைத்துவிட்டது.

இக்கதையின் சட்டகம் மேனாட்டிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர் படைத்து 1938ஆம் ஆண்டில் அமெரிக்கச் சித்திரக்கதை ஏட்டில் வெளியிட்ட சுப்பர்மானும் ஒரு பத்திரிகை நிலையத்திலேயே மூக்குக்கண்ணாடி அணிந்து மறைந்து வாழ்கின்றான். அங்கும் ஒரு பெண் செய்தியாளர், வீரனை வியந்து, அவன் மறைவுருவை இகழ்கின்றாள். ஆனால் மறைந்து வாழும் வீரன் மேனாட்டார்க்கே உரியவன் என்று எண்ணுவது பொருந்தாது. விராடன் நகரிலே பிருகன்னளை என்னும் பெயரோடு, பின்னிய கூந்தலும் வளையுமாய், அரசகுமாரி உத்தரைக்கு ஆடல் கற்பித்தவன் காண்டீபம் ஏந்திய கைகளையுடைய அருச்சுனனே. அவனுடைய படைக்கலங்கள் வன்னிமரத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. பகைவர் ஆநிரை கவர்ந்தபோது அவன் உத்தரனுக்குத் தேரோட்டியாகச் சென்று, பின்னர்த் தானே வில்லேந்தினான். கங்காதரின் அசட்டுப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் தமிழ்ச் சிறுவன், தன் பாட்டன் பிருகன்னளையைக் கண்டு சிரித்த அதே சிரிப்பையே சிரிக்கின்றான். எள்ளப்படுபவன் எவனோ அவனே காப்பவன் என்னும் செய்தி பாரதம் அறிந்தோர்க்குப் பழகிய ஒன்று.

சுப்பர்மானுக்கும் சக்திமானுக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஆற்றலின் பிறப்பிடத்தில் இருக்கின்றது. முன்னவன் வேற்றுக்கோளிற் பிறந்தவன். அவனுடைய ஆற்றல் பிறப்போடு வந்தது. அதனை எந்தச் சிறுவனும் முயன்று பெறல் இயலாது. சக்திமானோ மனிதன், தவத்தால் ஆற்றல் பெற்றவன். இது சிறிய மாற்றமன்று. செல்வக்குடியிற் பிறவாதவனும் பயிற்சியால் உயரலாம் என்னும் கருத்து இதனுள் அடங்கியிருக்கின்றது. லயக்காம்பராவிற் பிறந்து, சிமினி விளக்கொளியிற் படித்து, பரீட்சைக்குச் செல்லும் மாணவனுக்கு இவ்விரு வீரருள் எவன் அணுக்கமானவன் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும் இவ்விடத்திலேதான் தொடர் இடறுகின்றது. வீரன் தவத்தால் ஆற்றல் பெற்றான் என்று அது கூறுகின்றதேயன்றித் தவத்தைக் காட்டுவதில்லை. கண்மூடி அமர்ந்த உருவம், சுழலும் ஒளிவட்டங்கள், ஓங்கிய இசை, இவ்வளவில் தவம் முடிந்துவிடுகின்றது. அதன்பின் நூற்றுக்கணக்கான பகுதிகளில் அதன் பயன் மட்டுமே காட்டப்படுகின்றது. ஒரு கையை உயர்த்திப் பம்பரம்போற் சுழன்று எழுகின்றான், பறக்கின்றான், தாக்குகின்றான். பார்த்திருந்த சிறுவர் தம் வீட்டு முற்றத்திற் பின்பற்றியதும் அந்தச் சுழற்சியையே. தவத்தைப் பின்பற்ற அவர்களுக்கு எதுவும் காட்டப்படவில்லை.

பறத்தலைக் காட்டுவது திரைக்கலையின் பழைய இடர்ப்பாடுகளுள் ஒன்று. ஜோர்ஜ் ரீவ்ஸ் நடித்து 1952 முதல் 1958 வரை 104 பகுதிகளாக ஒளிபரப்பாகிய சுப்பர்மான் தொடரின் தொடக்கத்தில் நடிகரைக் கம்பியிற் கட்டித் தூக்கினர். கம்பி அறுந்து அவர் வீழ்ந்த பின்னர், துள்ளுபலகையில் மிதித்துச் சாளரத்தினூடே பாயும் முறையைக் கைக்கொண்டனர். 1966 சனவரி முதல் 1968 மார்ச்சு வரை 120 பகுதிகளாக நடைபெற்ற பேட்மான் தொடரிலோ இடர்ப்பாடே நகைச்சுவையாக்கப்பட்டது. வௌவால் மனிதனும் அவன் தோழனும் கயிற்றைப் பற்றி உயர்ந்த சுவரில் நடந்து ஏறும் காட்சி அத்தொடரில் அடிக்கடி வரும். உண்மையில் அச்சுவர் தரையிற் படுத்துக் கிடந்தது; கமராவே பக்கவாட்டிற் சாய்க்கப்பட்டிருந்தது. நடிகர் தரையில் குனிந்து நடந்தனர். முதுகில் தொங்கவேண்டிய போர்வையை நூலாற் கட்டி இழுத்துப் பிடித்தனர். சுவரின் சாளரங்களைத் திறந்து புகழ்பெற்ற நடிகர் எட்டிப் பார்த்துக் குசலம் விசாரிப்பதும் உண்டு. பார்ப்பவரும் செய்பவரும் ஒருங்கே அறிந்த பொய் அது. அதனாலேயே அதனை இன்று காண்போர் தொடரைப் பார்த்து நகைப்பதில்லை. தொடரோடு சேர்ந்து நகைக்கின்றனர்.

சக்திமானைத் தயாரித்தோர் கையாண்ட முக்கிய வழி நிறநீக்க முறையாகும். நீலம் அல்லது பச்சை நிறத் திரையின் முன் நடிகரை நிறுத்திப் படம்பிடித்து, அந்நிறம் தோன்றும் இடமெல்லாவற்றிலும் வேறொரு படத்தைப் பொருத்துவர். தொலைக்காட்சிச் சமிக்ஞையிலே வெளிச்சத்தின் நுணுக்கம் பதியுமளவுக்கு நிறத்தின் நுணுக்கம் பதிவதில்லை. மனிதக் கண் நிறத்தின் விளிம்பை அத்துணைக் கூர்மையாக நோக்குவதில்லையாதலின், பொறியியலார் வேண்டுமென்றே அவ்வாறு சிக்கனம் செய்தனர். நிறத்தை அளவுகோலாகக்கொண்டு வெட்டும்போது அச்சிக்கனம் பழிவாங்குகின்றது. தலைமயிரைச் சுற்றியும் ஆடையின் ஓரத்திலும் பிசிறு தோன்றுகின்றது. பின்திரையின் நிறம் நடிகரின் தோளிற் சிந்திக் கறையாகின்றது. சிறிய பெட்டியில், சில முழத் தொலைவிலிருந்து பார்த்தபோது இப்பிசிறு பெரிதாகப் புலப்படவில்லை. கறுப்பு வெள்ளைப் பெட்டியிலோ அந்நிறமே தோன்றாது. அக்காலச் சிறுவர் ஏமாளிகள் அல்லர் என்பதற்கு இது போதிய சான்று. ஒட்டுத் தெரியாத பெட்டியில் அவர்கள் பார்த்தனர். ஒட்டுத் தெரியும் பெட்டியில் அவர்தம் மக்கள் பார்க்கின்றனர்.

ஒட்டுத் தெரியாமை இன்பத்தை மட்டும் தரவில்லை. தொடர் புகழ்பெற்றிருந்த ஆண்டுகளில், சக்திமான் வந்து காப்பான் என்று நம்பிச் சிறுவர் சிலர் உயரத்திலிருந்து குதித்தனர் என்றும், தீயிட்டுக்கொண்டனர் என்றும் இந்தியச் செய்தித்தாள்கள் எழுதின. அச்செய்திகள் தொடர்மீது சுமத்திய பழியை முகேஷ் கன்னா மறுத்தார். எனினும் சக்திமானே நேரில் தோன்றி, தன்னைப்போற் செய்ய முயலவேண்டாமென்று சிறுவரிடம் கூறும் நிலை ஏற்பட்டது. இச்செய்திகளை வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முழுவதையும் தூற்றுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அத்தூற்றல் ஆராய்ச்சியாகாது. வீரகதை கேட்டுத் தமிழ்ச் சிறுவர் எத்தனையோ தலைமுறை வளர்ந்திருக்கின்றனர். அனுமன் கடல் தாண்டியதைக் கேட்டு யாரும் கடலிற் பாய்ந்ததாகக் கூறுவாரில்லை. ஆகவே வீரகதை குற்றவாளியன்று. அது சொல்லப்படும் முறையில் எங்கோ ஒரு காவல் இருந்தது. அக்காவல் நீங்கியபோதுதான் இடர் புகுந்தது. அக்காவல் யாதென அறியத் தோட்டப்புறக் கூத்துக்களத்துக்கு வரவேண்டும்.

கோப்பிக் காலத்திலும் பின்னர்த் தேயிலைக் காலத்திலும் திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து மலைநாட்டுக்கு வந்த மக்கள் கொணர்ந்த பொருள்கள் மிகச் சில. கொணர்ந்த கூத்துக்களோ பல. அவற்றுள் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் மலைநாட்டின் தலையாய கூத்துக்களாக நிலைபெற்றன. மாசித் திங்களில் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்து, மதனன் சிவனின் நெற்றிக்கண்ணால் எரிவதையும் இரதி புலம்புவதையும் காட்டும். பொன்னர் சங்கர் கொங்குநாட்டு அண்ணன்மார் கதை. வீரப்பூர்ப் படுகளத்தில் வீழ்ந்த உடன்பிறந்தாரைத் தங்கை எழுப்பும் கட்டத்தில் ஆடுவோர் மருள்கொண்டு வீழ்தலும், காண்போர் மெய்சிலிர்த்தலும் உண்டு. பேராதனையிலிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துக்களை மேடையேற்றியபின் மட்டக்களப்புக் கூத்துமரபு கற்றோர் கவனத்தைப் பெற்றது. மலைநாட்டுக் கூத்துக்கு அத்தகைய கவனம் நெடுங்காலம் கிட்டவில்லை.

அருச்சுனன் தபசின் கதை யாவரும் அறிந்தது. வனவாச காலத்திலே பாசுபதம் என்னும் படைக்கலத்தைப் பெறவேண்டி அருச்சுனன் இமயஞ்சென்று சிவனை நோக்கித் தவம் இயற்றுகின்றான். இறைவன் வேடனாக வந்து, ஒரு பன்றியின் பொருட்டு அவனோடு பொருது, அவனை வீழ்த்தி, பின்னர் அருள்செய்கின்றான். வில்லிபுத்தூரார் பாரதத்தில் இது அருச்சுனன் தவநிலைச் சருக்கமாக விரியும். ஏட்டிலே இமயம் என்றிருப்பது கூத்துக்களத்திலே மரமாகின்றது. நேராக வளர்ந்த மரமொன்றைத் தேர்ந்து, வெட்டிக் கொணர்ந்து, கிளை கழித்து, படிக்கட்டைகள் பொருத்தி, பிரட்டுக்களத்திலோ மாரியம்மன் கோயில் முன்றிலிலோ நாட்டுவர். குழி தோண்டுபவரும் மரம் தூக்குபவரும் தோட்டத்து ஆடவரே. அதனைச் சுற்றிநின்று பார்ப்பவர் சிறுவர். இமயமலை எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதை அவர்கள் கூத்துக்கு முன்னரே அறிந்துவிடுகின்றனர்.

அருச்சுனனாக வருபவனையும் அவர்கள் அறிவார்கள். அவன் மூன்றாம் லயத்து மாமனாகவோ, கவ்வாத்து வெட்டும் அண்ணனாகவோ, தொழிற்சாலையில் இரவுமுறை வேலைசெய்யும் சித்தப்பனாகவோ இருப்பான். நாள்பல விரதம் காத்து அவன் உணவிற் கட்டுப்பாட்டோடு இருப்பதை வீட்டார் அறிவர். ஆதலின் அயலாரும் அறிவர். வாத்தியார் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது அவன் அடி மறந்து ஏச்சு வாங்குவதும் ஒளிவு மறைவில்லாத செய்தி. கூத்து நாளன்று முகத்துக்கு அரிதாரம் பூசுவதைச் சிறுவர் தட்டிக்கு இப்பால் நின்று எட்டிப் பார்ப்பர். இத்தனையும் கண்ட பின்னரும், நள்ளிரவு கடந்து தப்பொலி எழ, அவன் மரத்தின் முதற்படியிற் கால் வைக்கும்போது களம் அடங்கிவிடுகின்றது.

ஏன் அடங்குகின்றது என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவன் படிக்கொரு பாட்டாகப் பாடி ஏறுகின்றான். ஏற ஏறக் குளிர்காற்று மிகுகின்றது; நமுனுகுலைச் சரிவுகளின் பனிக்காற்றை அறிந்தோர்க்கு அதன் கடுமை தெரியும். மரம் சிறிது அசைகின்றது. குரல் தளர்கின்றது; மீண்டும் எழுகின்றது. தவறி வீழ்ந்தால் உண்மையாகவே வீழ்வான். கீழே நிற்கும் தாயொருத்தி அருச்சுனனுக்காக அஞ்சுகின்றாளா, தன் மகனுக்காக அஞ்சுகின்றாளா என்று பிரித்துச் சொல்லுதல் அரிது. உச்சியை அடைந்தவன் மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்தையும் திருநீற்றையும் ஏற்கப் பெண்கள் முந்தானை விரிக்கின்றனர். அவன் தங்களுள் ஒருவன் என்பதை அவர்கள் மறந்துவிடவில்லை. தங்களுள் ஒருவன் அவ்வளவு தூரம் ஏறினான் என்பதற்காகவே ஏற்கின்றனர்.

இங்கே சூத்திரமும் தவமும் வேறல்ல. மரமே சூத்திரம், மரத்தில் ஏறுவதே தவம். சூத்திரத்தை மறைத்தால் தவமும் மறைந்துபோகும். தொலைக்காட்சித் தொடரில் நிலைமை எதிரானது. அங்கே பறத்தலுக்குரிய உழைப்பு, கயிறு கட்டியவர், திரை தொங்கவிட்டவர், படங்களை ஒட்டியவர் ஆகியோருடையது. அவ்வுழைப்பு மறைக்கப்பட்டால்தான் வீரன் பறப்பான். ஆகையால் சிறுவன் காண்பது உழைப்பில்லாத உயர்ச்சியையே. கூத்து முடிந்த மறுநாள் சிறுவரும் கொய்யாமரத்தில் ஏறி அருச்சுனனாகப் பாடுவதுண்டு, விழுவதும் உண்டு. ஆயின் மரத்தில் ஏறுபவன் கையையும் காலையும் நம்பி ஏறுகின்றான். எந்தக் கிளை தாங்கும், எது தாங்காது என்று பார்த்தே அடி வைக்கின்றான். கூரையிலிருந்து குதிப்பவன் எதனையும் பார்ப்பதில்லை.

பறத்தலின் பொறியை மறைக்காது கூறும் வழக்கம் தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தச்சனைக் கொண்டு மயிற்பொறி செய்விக்கின்றான். அரசி விசயை அதன் திருகியைத் திருப்பி ஏறவும் இறங்கவும் முன்னரே பழகுகின்றாள். கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரசுக்குக் கேடு வந்தபோது அதிலேறித் தப்புகின்றாள். அப்பொறி அவளை அரண்மனையிற் கொண்டு சேர்க்கவில்லை, சுடுகாட்டிலே இறக்குகின்றது. திருத்தக்க தேவர் பறத்தலை வியப்பாக மட்டும் காட்டாமல், அதன் செய்திறனையும் பயிற்சியையும் எல்லையையும் ஒருங்கே காட்டினார்.

ஊவாத் தோட்டங்களில் தொலைக்காட்சி புகுந்த தொடக்க காலத்தில், கூத்துக்களத்துக் காவல் ஓரளவு நீடித்ததையும் குறிப்பிடல் வேண்டும். இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு ஏப்பிரலிலும், யப்பானிய உதவியோடு நிறுவப்பட்ட ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதியும் தொடங்கின. பேதுருதாலகாலை மலையுச்சியில் நிறுவப்பட்ட ஒலிபரப்பிக் கோபுரம் மலைநாட்டுக்குப் படங்களைக் கொணர்ந்தது. மின்சாரம் எட்டாத லயங்களில் மோட்டார் வண்டிப் பற்றரியை வைத்துப் பெட்டியை இயக்கினர். பற்றரி இறங்கியபின் அதனைத் தோளிற் சுமந்து நகருக்குக் கொண்டுபோய் மின்னேற்றி வரவேண்டும். ஒரு வரிசைக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிது. ஆகவே இஸ்தோப்பு நிறையக் கூட்டம் கூடியது. 'அது எப்படிப் பாட்டி?' என்று பேரன் கேட்டால், 'எல்லாம் கயிறு கட்டித்தான்' என்று பாட்டி விடை சொல்லுவாள். அருகிலிருப்பவர் மறுத்து வேறு விளக்கம் கூறுவர். நடுவிலே பற்றரி இறங்கிப் படம் சுருங்கி மறையும். பொறி பொறியென்பதை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் உணர்த்த முடியாது. பிற்காலத்தில் லயக்கூரைகளின்மேல் வட்டத் தட்டுகள் தோன்றின. அதன்பின் கைப்பேசி வந்தது. இன்று சிறுவன் ஒருவன் போர்வைக்குள் தனியே ஒரு வீரனைக் காண்கின்றான். கேட்பதற்குப் பாட்டி அருகில் இல்லை.

இனி, இத்தனை குறை கூறியபின்னும் சக்திமானில் மீண்டும் காணத்தக்கது யாது? அதன் போர்க் காட்சிகள் பெரும்பாலும் சலிப்பூட்டுவன. ஒரு பகைவன் போனால் இன்னொருவன் வருகின்றான். இருளரசன் தன் ஆசனத்தைவிட்டு எழுவதற்குள் பல மாதங்கள் கழிகின்றன. துணிவுள்ள செய்தியாளராக அறிமுகமாகிய கீதா, போகப்போகக் காப்பாற்றப்படுபவளாகவே நின்றுவிடுவது வருந்தத்தக்கது. வீரனின் அறிவுரையும் சிலவிடத்து அளவு கடக்கின்றது. ஆனால் கங்காதர் தோன்றும் காட்சிகள் இன்றும் வாடவில்லை. முகேஷ் கன்னா வீரனாக நிற்கும்போது விறைப்பாக நிற்கின்றார். அசடனாக நடக்கும்போது உண்மையாக நடிக்கின்றார். அங்கே ஒட்டும் இல்லை, கயிறும் இல்லை; ஒரு நடிகனின் முதுகும் கண்ணும் குரலுமே உள.

மற்றொன்று, தொடரின் முடிவில் இடம்பெற்ற சிறு பகுதி. ஒரு சிறுவன் பொய் சொல்கின்றான், அல்லது தூய்மை பேணாது விடுகின்றான். சக்திமான் தோன்றி அவனைத் திருத்துகின்றான். சிறுவன் 'சொறி, சக்திமான்' என்று மன்னிப்புக் கேட்கின்றான். கதையிற் பறந்து திரிந்தவன் இங்கே நிலத்தில் நின்று, ஒரு சிறுவனின் உயரத்துக்குக் குனிந்து பேசுகின்றான். ஆசிரியர்கள் இதனை ஏளனம் செய்ய அவசரப்படலாகாது. வகுப்பறையில் நூறுமுறை கூறியும் ஏறாத ஒன்று, பிடித்தமான வீரன் ஒருமுறை கூற ஏறியதை மறுக்க முடியாது. தோட்டத்து அருச்சுனனும் மரத்தைவிட்டு இறங்கியபின் சிறுவரிடையே நடமாடுபவனே. வேறுபாடு ஒன்றுதான்: அவன் திருத்தவும் வேண்டும், திருத்தப்படவும் வேண்டும். மறுவாரம் கள்ளுக்கடை வாயிலில் அவனைக் கண்டால் கிழவி ஒருத்தி, 'அருச்சுனா, இதுவா உன் தவம்?' என்று கேட்டுவிடுவாள். சக்திமானை அவ்வாறு கேட்பார் யாருமில்லை.

சக்திமானைப் பெருந்திரைப்படமாக எடுக்கவிருப்பதாக 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் அறிவிப்பு வெளியாயிற்று. இக்காலத் திரைப்படங்களிலும் பறக்கும் வீரன் கம்பியில் தொங்கவே செய்கின்றான். பின்னர்க் கம்பி தோன்றும் ஒவ்வொரு படத்துண்டிலும் அதனைக் கணினியின் துணையால் அழித்துவிடுகின்றனர். அழிப்பவர் பெயர்கள் படத்தின் இறுதியில் நெடுநேரம் ஓடுகின்றன. அவற்றை வாசிக்க எவரும் இருப்பதில்லை.

தபசு மரம் கூத்து முடிந்த பின்னும் சில நாள் களத்தில் நிற்கும். காலையிற் பிரட்டுக்கு வருவோர் அதனைச் சுற்றிக்கொண்டு செல்வர். அருச்சுனனும் அவர்களுள் ஒருவனாய் நின்று தன் பெயர் கூப்பிடக் கேட்டு மலைக்குப் போவான். பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுவர் அதன் கீழ்ப்படிகளில் ஏறி இறங்குவர். பெரியவர் எவரேனும் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றாம் படிக்கு மேல் விடுவதில்லை.